ஆளுக்கு மூன்று பாட்டு

கிரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் கடைசி ஆல்பமான 'மார்டி கிரா'வைப் பற்றிப் பேச அந்தக் குழுவின் ரசிகர்களுக்கே விருப்பம் இருப்பதில்லை. 1972 ஏப்ரலில் வந்தது. பத்துப் பாட்டு, மொத்தமாக அரை மணி நேரம்கூட ஓடாது. ஒரு பெரிய ராக் குழு அதுவரை எட்டியிருந்த தரத்தை வைத்துப் பார்த்தால், தான் கேட்டதிலேயே ஆக மோசமான ஆல்பம் இதுதான் என்று ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் ஜான் லண்டாவ் எழுதினார். ஐம்பது வருடம் கழித்தும் இந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தால் அந்தத் தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. (இதே லண்டாவ்தான் பிற்பாடு ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு மேனேஜர் ஆனவர். ஸ்பிரிங்ஸ்டீனும் இந்தக் கதைக்குள் வருவார், கொஞ்சம் பொறுங்கள்.)

ஆல்பம் மோசம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது ஏன் மோசம் என்று சொல்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குத் தகராறு. பாட்டு எழுதத் தெரியாத இரண்டு பேர் பாட்டு எழுதினார்கள், காரியம் கெட்டது என்பது வழக்கமான விளக்கம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. ஆனால் ஆல்பத்தை ஹெட்போனில் நிதானமாகக் கேட்டால் வேறொன்று காதில் விழுகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் குழுவில் இருந்த நான்கு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊர். ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூவரும் பள்ளித் தோழர்கள், மூவரும் 1945-ல் பிறந்தவர்கள். ஜானின் அண்ணன் டாம் நான்கு வயது மூத்தவர். 1950-களின் கடைசியில் மூன்று பையன்களும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் டாம் பாடகராக வந்து சேர்ந்தார். அவர் பெயரை முன்னால் போட்டு 'டாமி ஃபோகர்ட்டி அண்ட் தி ப்ளூ வெல்வெட்ஸ்' என்று இசைத்தட்டுகூட வந்தது. பிறகு ஃபேண்டசி என்ற சிறிய கம்பெனியில் சேர்ந்தபோது, கம்பெனி இவர்களைக் கேட்காமலே 'தி காலிவாக்ஸ்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரை நான்கு பேருமே வெறுத்தார்கள். இதற்கிடையில் தம்பியின் குரல் அண்ணனின் குரலைத் தாண்டிவிட்டது. டாம் அதை ஒப்புக்கொண்டு, மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ரிதம் கிட்டாருக்கு நகர்ந்தார்.

இந்த நகர்தலை ராக் வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. தன் பெயரில் இருந்த குழுவில், தம்பிக்குப் பின்னால் நின்று ரிதம் வாசிப்பது என்பது லேசான காரியம் இல்லை. அதை டாம் வருடக்கணக்கில் செய்தார்.

1968-ல் கிரீடன்ஸ் என்று பெயர் மாறியதும் வேகம் பிடித்தது. 'சூசி க்யூ' என்ற பழைய பாட்டை எட்டு நிமிடத்துக்கும் மேல் இழுத்து வாசித்தார்கள், அது ஓடியது. 1969-ல் மட்டும் மூன்று ஆல்பம்: 'பேயூ கன்ட்ரி', 'க்ரீன் ரிவர்', 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்'. மறு வருடம் இரண்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்து சிங்கிள்கள் (தனியாக வெளியிட்ட பாட்டுகள்) இரண்டாம் இடம் வரை வந்தன, ஒன்றுகூட முதலிடம் தொடவில்லை. இன்னொரு குழுவாக இருந்தால் இந்த ஓட்டத்துக்குப் பத்து வருடம் எடுத்திருக்கும்.

இந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருந்தது. கிளிஃபர்டின் வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஒரு கொட்டகையில் கிட்டத்தட்ட தினமும் ஒத்திகை. அந்த இடத்துக்கு 'ஃபேக்டரி' என்று பெயர். கிளிஃபர்டின் செல்லப்பெயர் காஸ்மோ. 1970-ல் வந்த 'காஸ்மோஸ் ஃபேக்டரி' ஆல்பத்தின் தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. ஸ்டூடியோவுக்குள் போகும்போது பாட்டு ஏற்கெனவே முழுசாகத் தயாராக இருக்கும். போய் வாசித்துவிட்டு வந்துவிடுவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மற்ற குழுக்கள் மேடையில் அரை மணி நேரம் இலக்கில்லாமல் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் மூன்று நிமிடப் பாட்டை இறுக்கி, செதுக்கிக் கொடுத்தார்கள்.

அந்த ஒழுங்கின் மறுபக்கம் ஜான். பாட்டு எழுதுவது அவர், பாடுவது அவர், லீட் கிட்டார் அவர், இசைக்கோப்பு அவர், தயாரிப்பு அவர். நிர்வாக வேலையும் பெரும்பாலும் அவரிடமே. பின்குரல்களைக்கூட மற்றவர்களைப் பாட விடாமல் தானே அடுக்கடுக்காகப் பதிவு செய்துகொள்வார். மேடையில் 'ஒன்ஸ் மோர்' கேட்டாலும் திரும்பிப் போய் வாசிக்கக் கூடாது என்று முடிவு செய்ததும் அவர்தான். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்தார்கள், ஆனால் வாசித்தது சரியில்லை என்று ஜான் நினைத்ததால் அந்த விழாவைப் பற்றி வந்த படத்தில் இவர்கள் இல்லை. தாங்கள் நன்றாகத்தான் வாசித்தோம் என்பது குக்கின் கட்சி. பின்னாளில் வெளிவந்த பதிவைக் கேட்டால் என் ஓட்டு குக்குக்குத்தான்.

ஜானை வில்லனாக்க எனக்கு ஆசை இல்லை. இரண்டே வருடத்தில் அத்தனை பாட்டு எழுதிய ஒருவர், என் வழி சரி என்று நம்பியதில் என்ன தப்பு? வழி சரியாகத்தான் இருந்தது. எந்த ஆல்பத்தை எடுத்தாலும் அதுவே சாட்சி. பிரச்சினை என்னவென்றால், சரியாக இருக்கிறவரோடு தினமும் வேலை செய்கிற மற்ற மூன்று பேருக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது, குடும்பம் வந்துவிட்டது, பேட்டி எடுக்க வருகிறவன் ஜானைப் பார்த்து மட்டுமே கேள்வி கேட்கிறான்.

1970 டிசம்பரில் 'பெண்டுலம்' வந்தது. அதில்தான் 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்' இருக்கிறது. வெயில் அடிக்கும்போதே பெய்கிற மழையைப் பற்றிய அந்தப் பாட்டு, வெற்றியின் உச்சியில் குழு உடைவதைப் பற்றியது என்று ஜானே பிறகு சொன்னார். சில வாரங்களில், 1971 தொடக்கத்தில், டாம் விலகினார். அவருக்குப் பதிலாக யாரையும் சேர்க்கவில்லை. மூன்று பேராகவே ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள்.

இப்போது 'மார்டி கிரா'. மூன்று பேரும் சமமாக எழுதுவது, அவரவர் பாட்டை அவரவரே பாடுவது, அவரவரே தயாரிப்பது என்று முடிவானது. இதை முதலில் சொன்னது யார் என்பதில் இரண்டு கதை உண்டு. குக்கும் கிளிஃபர்டும் கேட்டார்கள், அதனால் கொடுத்தேன் என்பது ஜானின் கதை. நாங்கள் கேட்டது கொஞ்சம் பேச்சுரிமைதான், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எழுதிப் பாடித்தான் தீர வேண்டும் என்று நிபந்தனை போட்டதே ஜான்தான், உங்கள் பாட்டுக்கு ரிதம் கிட்டார் தவிர எதுவும் வாசிக்க மாட்டேன் என்றும் சொன்னார் என்பது மற்ற இருவரின் கதை. ஆல்பத்துக்கு 'ஃபோகர்ட்டியின் பழிவாங்கல்' என்று ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது இதனால்தான்.

எந்தக் கதை உண்மை என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. இரண்டில் எது உண்மையானாலும் வெளிவந்த பொருள் ஒன்றுதான், அது பாகப்பிரிவினைப் பத்திரம். கணக்கைப் பாருங்கள். ஜானுக்கு மூன்று பாட்டு, குக்குக்கு மூன்று, கிளிஃபர்டுக்கு மூன்று (அதில் ஒன்றைக் குக்கும் சேர்ந்து எழுதியிருக்கிறார்). மீதி ஒன்று 'ஹலோ மேரி லூ' என்ற பழைய பாட்டு. வரப்பு போட்ட மாதிரி இருக்கிறது.

முதல் பாட்டு ஜானுடையது, 'லுக்கின் ஃபார் எ ரீசன்'. கன்ட்ரி சாயலில் நிதானமான, இதமான மெட்டு. சொல்கிற விஷயம்தான் இதமாக இல்லை. எதற்காக இந்த வேலையைத் தொடங்கினோம் என்று ஒருவர் ராத்திரி ராத்திரி தன்னையே கேட்டுக்கொள்கிறார், இதில் தொடர்ந்து இருப்பதற்கு ஒரு காரணம் தேடுகிறார். ஆல்பத்தின் வாசலிலேயே தலைவர் ராஜினாமாக் கடிதத்தை வாசித்துவிட்டார். அடுத்த பாட்டு 'டேக் இட் லைக் எ ஃபிரெண்ட்', குக் பாடுகிறார். ஜானுக்கு எழுதிய பதில் மாதிரியே இருக்கிறது, அப்படித்தான் பலரும் கேட்கிறார்கள். குக்கின் இன்னொரு பாட்டான 'செயில் அவே'யில் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கப்பல் தலைவன் வருகிறான். அது யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குக்கின் குரல் கரகரப்பாக, கொஞ்சம் கத்தலாக இருக்கிறது. பாடகர் இல்லை அவர், அது கேட்டவுடன் தெரிகிறது. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது குரலை இல்லை. அந்தப் பாட்டுகளில் குரலைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கிட்டார் இருக்கிறது, ஆனால் ஓரமாக நின்று ஆஜர் கொடுத்துவிட்டுப் போகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பதில் சொல்ல வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. 'க்ரீன் ரிவர்' பாட்டில் காதில் மாட்டிக்கொள்கிற அந்தச் சின்ன கிட்டார் கொக்கி இல்லை என்றால் அதுவும் சாதாரணப் பாட்டுதான். அந்தக் கொக்கியைக் கண்டுபிடிக்கிற மனிதர் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கண்டுபிடிக்கவில்லை. பின்குரல் தேவைப்படுகிற இடத்தில், நாட்டிலேயே நல்ல குரல்களில் ஒன்றை வைத்திருந்தவர் சும்மா இருக்கிறார்.

கிளிஃபர்டின் 'டேரின் அப் தி கன்ட்ரி' எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். பரவாயில்லை. ஊர் சுற்றி வாசிக்கிற ஒரு குழுவின் குஷியைப் பற்றிய லேசான பாட்டு, அதில் வன்மம் எதுவும் இல்லை. இதே பாட்டு 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்' ஆல்பத்தில் இரண்டாம் பக்கம் நடுவில் வந்திருந்தால், கிளிஃபர்டும் ஒரு பாட்டு பாடியிருக்கிறார் பாருங்கள் என்று செல்லமாகச் சொல்லியிருப்பார்கள். ஆல்பத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கு என்றால் தாங்காது. 'நீட் சம்ஒன் டு ஹோல்ட்' மெதுவான பாட்டு, அதற்கு நிஜமாகவே ஒரு பாடகர் வேண்டும். 'வாட் ஆர் யூ கோனா டூ', 'டோர் டு டோர்' இரண்டையும் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

டாம் இல்லாததும் கேட்கிறது. அவர் வாசித்தது கவனத்தை இழுக்காத வேலை. பாட்டின் நடுவில் விடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கிட்டார், அவ்வளவுதான். போன பிறகுதான் அது எவ்வளவு எடை தாங்கியது என்று தெரிகிறது.

'ஹலோ மேரி லூ' ரிக்கி நெல்சன் 1961-ல் பாடிப் பிரபலமானது. ஜான் நன்றாகவே பாடியிருக்கிறார், கிட்டாரும் துள்ளுகிறது. நெல்சனின் பதிவில் கிட்டார் சோலோ வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன். 1957-ல் டேல் ஹாக்கின்ஸ் பாடிய மூல 'சூசி க்யூ'விலும் கிட்டார் பர்ட்டன்தான், அப்போது அவர் பதின்ம வயதுப் பையன். ஆக, குழுவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய பாட்டும், கடைசி ஆல்பத்தில் இடம் நிரப்ப எடுத்த பாட்டும் ஒரே கிட்டார்காரரின் வாசிப்பிலிருந்து வந்தவை. திட்டமிட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும், ஜானின் காது சின்ன வயதில் எங்கே பதிந்ததோ அங்கேயே கடைசி வரை இருந்தது என்பதற்கு இது போதும்.

'ஸ்வீட் ஹிட்ச்ஹைக்கர்' 1971-லேயே சிங்கிளாக வந்து ஆறாம் இடம் வரை போயிருந்தது. பழைய சூத்திரம், நன்றாக ஓடுகிற வண்டி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, புதிதும் ஒன்றும் இல்லை.

அப்புறம் 'சம்டே நெவர் கம்ஸ்'. இந்த ஒரு பாட்டுக்காகத்தான் ஆல்பத்தை நான் இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். பெற்றோர் பிரிந்து, அப்பா வீட்டைவிட்டுப் போனதைச் சின்ன வயதில் பார்த்தவர் ஜான். இதை எழுதும்போது அவருடைய சொந்தத் திருமணமும் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு நாள் உனக்குப் புரியும் என்று அப்பா பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த நாள் வரவே இல்லை. பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையிடம் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறான். எழுத்தில் இவ்வளவு வெளிப்படையாக ஜான் அதற்கு முன் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. சரணத்தில் அடக்கமாகப் போகிற தாளம் பல்லவியில் எழுந்து நடக்கிறது. கிளிஃபர்ட் அந்த மாற்றத்தை எடுக்கிற விதமும், கீழே குக்கின் பேஸ் அசையாமல் நிற்பதும், பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வாசித்தவர்களுக்கு மட்டும் வருகிற காரியம்.

இதில்தான் என் தகராறு முழுவதும் இருக்கிறது. ஜானின் பாட்டுக்கு மற்ற இருவரும் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டுக்கு ஜான் உழைக்கவில்லை. குக்கும் கிளிஃபர்டும் சுமாராக எழுதினார்கள் என்பது உண்மை, ஆனால் சுமாரான பாட்டைத் தேற்றுவதுதானே குழுவின் வேலை? முந்தைய ஆல்பங்களின் தயாரிப்பாளராக இருந்த ஜான், இது இன்னும் பழுக்கவில்லை, இரண்டாவது சரணத்தைத் தூக்கு, இந்த இடத்தில் கிட்டார் வரட்டும் என்று சொல்லியிருக்க முடியும். இந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் என்று மூன்று பெயரும் அச்சாகியிருக்கின்றன. மூன்று பேரும் தயாரிப்பாளர்கள் என்றால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்று பொருள்.

மனக்கசப்பு இருந்தால் ஆல்பம் கெடும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அதே சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுபக்கத்தில், சாசலிட்டோவில், 1976-ல் ஃப்ளீட்வுட் மேக் குழு 'ரூமர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தது. குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தன. ஸ்டீவி நிக்ஸ் தன் பிரிவைப் பற்றி 'ட்ரீம்ஸ்' எழுதிக்கொண்டு வந்தார். யாரைப் பிரிகிறாரோ அந்த லிண்ட்சே பக்கிங்காம் உட்கார்ந்து அதற்குக் கிட்டார் வாசித்தார், பாட்டின் உருவத்தைச் செதுக்கினார். தன்மீதான குற்றச்சாட்டைத் தானே மெருகேற்றிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1977-ல் அது அமெரிக்காவில் முதலிடம் போனது. பக்கிங்காம் பெருந்தன்மையான மனிதர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அவரைப் பற்றியும் மற்றவர்கள் நிறையப் புகார் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோவில் மோசமாக இருக்கும் பாட்டை அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஜானால் முடிந்தது. அத்தனை கறாரான தொழில்காரர் தன் குழுவின் பெயரில் இப்படி ஒன்று வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், மனதளவில் அவர் எப்போதோ கிளம்பிவிட்டார்.

விற்பனையில் ஆல்பம் தோற்கவில்லை, பன்னிரண்டாம் இடம் வரை போய்த் தங்கத் தட்டும் வாங்கியது. கடைசி நிகழ்ச்சி 1972 மே மாதம் டென்வரில். அக்டோபரில் குழு கலைந்தது அறிவிப்பாக வெளிவந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் அசிங்கம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபேண்டசியின் முதலாளி சால் ஸேன்ட்ஸோடு போட்டிருந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர, தன் பழைய பாட்டுகளின் ராயல்டியை ஜான் விட்டுக்கொடுத்தார். (ஸேன்ட்ஸ் பிறகு 'அமேடியஸ்' படத்தைத் தயாரித்து ஆஸ்கர் வாங்கியவர்.) 1985-ல் ஜான் பாடிய ஒரு புதுப் பாட்டு, அவரே எழுதிய பழைய பாட்டின் நகல் என்று ஃபேண்டசி வழக்குப் போட்டது. 1988-ல் ஜூரி ஜான் பக்கம் நின்றது. வக்கீல் செலவு யார் தருவது என்ற கேள்வி 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கேயும் ஜானே ஜெயித்தார். 1974-ல் டாம் வெளியிட்ட தனி ஆல்பம் ஒன்றில், ஒரே ஒரு பாட்டில் நான்கு பேரும் வாசித்திருக்கிறார்கள், ஆனால் ஜான் தன் பகுதியைத் தனியாகப் பதிவு செய்து கொடுத்தார். டாம் 1990-ல் இறந்தார். சண்டையில் அவர் ஸேன்ட்ஸ் பக்கம் நின்றார் என்பது தம்பிக்கு ஆறாத வருத்தம்.

1993-ல், ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது. வரவேற்றுப் பேசியவர் ஸ்பிரிங்ஸ்டீன். குக்கும் கிளிஃபர்டும் அதே மண்டபத்தில் இருந்தார்கள், வாசிக்கத் தயாராகவும் வந்திருந்தார்கள். அவர்களோடு மேடையேற ஜான் மறுத்து, ஸ்பிரிங்ஸ்டீனையும் கிட்டார்காரர் ராபி ராபர்ட்சனையும் வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை வாசித்தார். இருபது வருடத்துக்கு முந்தைய ஆல்பத்தில் செய்ததையே இந்த முறை ஆயிரம் பேருக்கு முன்னால் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு வருடம் கழித்துக் குக்கும் கிளிஃபர்டும் 'கிரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்று ஒரு குழு தொடங்கி, வேறொரு பாடகரை வைத்து ஊர் ஊராக வாசித்தார்கள். பெயரை எதிர்த்து ஜான் வழக்குக்குப் போனார். அந்த மேடைகளில் ஜனங்கள் கேட்டதும் இவர்கள் வாசித்ததும் ஜான் எழுதிய ஹிட் பாட்டுகளைத்தான். ஜானோ 'சம்டே நெவர் கம்ஸ்' பாட்டை 2013-ல் 'டாஸ்' என்ற இளைஞர் குழுவோடு மறுபடி பதிவு செய்தார். நல்ல பதிவு, குரலும் வயதுக்கு மிஞ்சிய தெம்போடு இருக்கிறது. நான் கேட்பது 1972 பதிவைத்தான். அதில் ட்ரம்ஸ் கிளிஃபர்ட், பேஸ் குக்.